இரண்டு மூடி அரிஷ்டம்

என்னை நடுரோட்டில் நிற்கவைத்து ஊதச் சொன்ன சப்-இன்ஸ்பெக்டரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை. "சின்னப் பையன், ஏதோ செஞ்சிட்டான், உடு" என்று என் கணவர் இப்போதும் சொல்வார். சின்னப் பையனாம்! முப்பது வயது, தோளில் இரண்டு நட்சத்திரம், கண்ணில் கறுப்புக் கண்ணாடி. அவ்வளவு சின்னப் பையன் என்றால் வீட்டில் அம்மாவுக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டு இருக்க வேண்டியதுதானே? என் கார் சாவியை எதற்குப் பிடுங்கினான்?

முதலியார்பேட்டையில் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுத்தருவது என் தொழில். ஒரே கார், என் பக்கத்திலும் பிரேக் வைத்த கார். ஆபீஸ் வேலைகளைக் கணவர் பார்த்துக்கொள்வார், ரோட்டில் நான். பதினெட்டு வருடத்தில் ஒரு சின்ன உரசல்கூடக் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைக் கடைத்தெரு நெரிசலில் கார் ஓட்டிக்கொண்டு போகும் பெண்களைப் பார்த்தீர்களானால், அதில் சரிபாதிப் பேர் என்னிடம் திட்டு வாங்கியவர்களாக இருப்பார்கள். நான் கொஞ்சம் கத்துவேன். அது இந்தத் தொழிலோடு வந்தது என்று வெளியில் சொல்வேன், பிறவியிலேயே வந்தது என்று என் கணவருக்குத் தெரியும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் அப்பா மில் தொழிலாளி. ஷிப்ட் முடிந்தால் நேராகச் சாராயக்கடை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கடை வாசலில் இருந்து அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவருவது என் வேலை. தெருவில் எனக்குப் பெயர் கிடையாது, 'குடிகாரன் பொண்ணு' என்றுதான் சொல்வார்கள். என்னைப் பெண் பார்க்க வந்த இரண்டு வீட்டுக்காரர்கள் அந்த ஒரு வார்த்தையில் எழுந்து போனார்கள். கல்யாண வீட்டில் பாயசத்தில் முந்திரிக்குப் பதில் ரம் வாசனை வந்தால்கூட எழுந்துவிடுகிறவள் நான். அந்தப் பெயரைக் கழுவித் துடைக்க எனக்குப் பாதி ஆயுள் ஆயிற்று.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். காலை பதினோரு மணி. உப்பளத்தில் பழைய துறைமுகம் பக்கம் ரோடு அகலமாக இருக்கும், புதிதாகக் கற்பவர்களை அங்கேதான் கூட்டிப்போவேன். அன்று ஓட்டியது டவுனில் மரக்கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் மருமகள். முப்பத்தைந்து வயது இருக்கும். பயந்த சுபாவம், ஆனால் சொன்னதைச் சொன்னபடி செய்வாள். நாய் குறுக்கே வந்தால் ஹாரன் அடிக்காமல் "போம்மா, போ" என்று அதனிடம் கெஞ்சுவாள். அவளை மட்டும் என்னால் திட்ட முடிந்ததில்லை.

காலையில் எதுவும் சாப்பிடாமல் கிளம்பியதால் எனக்கு வயிற்றைப் பிடித்து இழுத்தது. ஓரமாக நிறுத்தச் சொன்னேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் கைப்பையைத் திறந்து ஒரு கறுப்பு பாட்டிலை எடுத்தாள். அரிஷ்டம். நாட்டு மருந்துக்கடையில் யார் கேட்டாலும் தருவார்கள், வயிற்றுக்கு நல்லது என்று பாதி வீடுகளில் இருக்கும்.

"மாமிக்குத்தாங்க்கா வாங்குறது. எனக்கும் மாசாமாசம் வலி வருதில்ல, அதான் பையிலயே வச்சிருக்கேன். ரெண்டு மூடி குடிங்க, அடங்கிடும்."

இரண்டு மூடி குடித்தேன். கசப்பும் இனிப்பும் காரமுமாகத் தொண்டையில் இறங்கியது. நெரிசலான பக்கம் போகவேண்டி இருந்ததால் இடம் மாறி நான் ஓட்டினேன். முதல் திருப்பத்தில் போலீஸ் நின்றது. சனி, ஞாயிறு வந்தால் வெளியூர்க்காரர்கள் குடிப்பதற்கென்றே வருகிற ஊர் இது, பகலிலும் சோதனை நடக்கும். நான் தினமும் கடந்துபோகிற விஷயம்தான். கண்ணாடியை இறக்கினேன், அவன் மெஷினை நீட்டினான், ஊதினேன். அது கத்தியது.

"ஏம்மா, மணி பதினொண்ணுதான ஆவுது. அதுக்குள்ளயா?"

"சார், இப்பதான் அரிஷ்டம் குடிச்சேன். ரெண்டு நிமிஷங்கூட ஆவல. கொஞ்சம் தண்ணி குடுங்க, வாயக் கொப்பளிச்சிட்டு இன்னொரு தபா ஊதுறேன்."

"எல்லாரும் மருந்துன்னுதாம்மா சொல்றாங்க. சரக்குன்னு எவன் ஒத்துக்கிறான்?"

அவள் பதறிப்போய் பாட்டிலை எடுத்து நீட்டினாள். அவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கீழே இறங்கச் சொன்னான். என் காரைச் சுற்றி வந்து, கூரை மேலே இருந்த டிரைவிங் ஸ்கூல் போர்டைப் பார்த்ததும் அவனுக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். சொந்த போனை எடுத்து வீடியோ எடுத்தான். "கார் ஓட்டச் சொல்லித் தர்ற டீச்சரே போதை. பாத்துக்குங்க மக்களே." நான் முந்தானையால் முகத்தை மூடினேன். ஏன் மூடினேன் என்று இன்றைக்கும் என் மேலேயே ஆத்திரம் வருகிறது. மூடியதால்தான் அது குடிகாரியின் முகம் ஆயிற்று.

ஸ்டேஷனில் மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். டாக்டரிடம் கூட்டிப் போங்கள், ரத்தம் எடுங்கள் என்று வாய் வலிக்கக் கேட்டேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த மூன்று மணி நேரமும் அவள் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குப் போ என்றாலும் போகவில்லை. தன் துப்பட்டா நுனியால் என் கழுத்து வேர்வையைத் துடைத்துவிட்டாள்.

வீடியோ சாயங்காலத்துக்குள் தவளக்குப்பத்தில் இருக்கும் என் நாத்தனார் வரைக்கும் போய்விட்டது. ஒரே வாரத்தில் என்னிடம் கற்றுக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் நின்றார்கள். ஒருத்தியின் கணவர் போனில், "ஒண்ணும் தப்பா நெனச்சிக்காதீங்க மேடம், உங்க அப்பாவும் இப்படித்தான்னு சொன்னாங்க" என்றார். போக்குவரத்து அலுவலகத்தில் இருந்து கடிதம் வந்தது. தண்டனை ஆனால் கற்றுக்கொடுக்கும் லைசென்ஸ் ரத்து. அந்த மரக்கடை மருமகள் மட்டும் வழக்கம்போல வந்தாள். "எங்க வூட்டுக்காரரு சொல்லிட்டாரு, கத்துக்கினா உங்ககிட்டதான் கத்துக்கணுமாம்" என்றாள்.

என் கணவர் சொன்னது, "ஒத்துக்கினு ஃபைன கட்டிட்டு வந்துடலாம், லைசென்ஸுக்கு அப்பறம் யார்னா பாத்துப் பேசலாம்." அன்று நான் சோறு போடவில்லை. அவரே போட்டுச் சாப்பிட்டார்.

வக்கீல் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருந்த பெரியவர். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர், காபி கொடுத்தால் 'மெர்சி' என்று பிரெஞ்சில் நன்றி சொல்லித்தான் வாங்குவார். என் கதையைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"மூணு மணி நேரம் உக்கார வச்சிருக்கான், டாக்டர்கிட்ட காட்டல. மெஷின்ல வந்த சீட்டுல உங்க கையெழுத்து இல்ல. இது ரெண்டே போதும்மா, கேஸ் நிக்காது. சாட்சியே வேணாம்."

"அப்டின்னா நான் குடிக்கலன்னு தீர்ப்பு வருமா?"

"குற்றம் நிரூபிக்கப்படலன்னு வரும்."

"எனக்கு அது வேணாங்கய்யா. பேப்பர் சரியில்லாததால நான் தப்பிச்சிட்டேன்னு ஊரு பேசும். நான் குடிக்கலன்னு வரணும். அவன் வாயாலயே வரணும். கோர்ட்டுல எல்லார் முன்னாடியும் அவன் மொகம் தொங்கறத நான் பாக்கணும்."

பெரியவர் அரிஷ்ட பாட்டில் ஒன்று வாங்கிவரச் சொன்னார். அதே கடை, அதே கம்பெனி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, லேபிளைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். கீழே எறும்பு மாதிரி எழுத்தில், ஆங்கிலத்தில் ஒரு வரி. இந்த மருந்தில் புளிக்கும்போது தானாக உண்டாகும் ஆல்கஹால் இத்தனை சதவீதம்.

"இதான்மா உங்க கேஸு. குடிச்ச ஒடனே வாயில நிக்கும், மெஷின் கத்தும். கால் மணி நேரத்துல போயிடும். நெசமா சரக்கு குடிச்சவங்களுக்குப் போவாது."

எனக்கு அந்தக் கறுப்பு பாட்டிலை முத்தமிட வேண்டும்போல இருந்தது. கையில் ஆயுதம் கிடைத்துவிட்டது. என்னை நாடறியச் செய்தவனை நான் என்ன செய்யப்போகிறேன் பார் என்று அந்த நாற்காலியிலேயே கறுவிக்கொண்டேன்.

பெரியவர் மட்டும் பாட்டிலைக் கீழே வைக்காமல் யோசித்தார். "அந்தப் பொண்ணு சாட்சி சொல்லணும், பாட்டில் அவங்களுது. அவங்க முஸ்லிம்ல? இதுல சாராயம் இருக்குன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுன்னு நெனைக்கிறேன்."

"கூண்டுல ஏத்தறதுக்கு முன்னாடி சொல்லிடுங்கம்மா. அங்க போய்க் கேட்டா திடுக்குனு இருக்கும்."

"சொல்றேங்கய்யா" என்றேன்.

சொல்லவில்லை. சொல்ல வாய்ப்பில்லாமல் இல்லை. வாரத்துக்கு மூன்று நாள் என் பக்கத்திலேயே உட்கார்ந்து ஓட்டுகிறாள். ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் காரில் ஏறுவேன். சொன்னால் வரமாட்டாள். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். அவள் வராவிட்டால் பாட்டில் இல்லை, பாட்டில் இல்லாவிட்டால் அவன் தலை நிமிர்ந்து நடப்பான். இதைத் தராசில் போட்டுப் பார்த்ததுகூட இல்லை. எனக்கு அவன்தான் கண்ணுக்குள் நின்றான்.

ஒருநாள் அவளே கேட்டாள். "கோர்ட்டுல நான் என்னாக்கா சொல்லணும்?"

"நடந்தத சொன்னா போதும்மா. வயிறு வலிச்சுது, நீ அரிஷ்டம் குடுத்த, நான் குடிச்சேன்."

"மெஷினு ரிப்பேரு, அதான?"

"கோர்ட்டுல தெரிஞ்சிடும். நீ கியர மாத்து" என்றேன்.

நான்கு வாய்தா தள்ளிப்போய், ஒருவழியாக அந்த நாள் வந்தது. மெஷினையும் எடுத்துக்கொண்டு வரும்படி அவனுக்கு உத்தரவு. மாஜிஸ்திரேட் என் வயதுப் பெண்மணி. முதலில் அவனைக் கூண்டில் ஏற்றினார்கள். எங்கள் வக்கீல் குரலை உயர்த்தவே இல்லை. மறுபடி ஊதுகிறேன் என்று கேட்டார்களா? கேட்டார்கள். ஊதவிட்டீர்களா? இல்லை. பாட்டிலைக் காட்டினார்களா? கவனிக்கவில்லை. வீடியோ எடுக்கக் கவனம் இருந்ததா? குனிந்து மெஷினைத் துடைத்தான். ஒவ்வொரு கேள்விக்கும் எனக்கு உள்ளே சர்க்கரைப் பொங்கல்.

அடுத்து அவள் ஏறினாள். அவள் கணவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஆண்கள் நிறைந்த அந்த அறையில், மாதாமாதம் வரும் வயிற்றுவலிக்காகப் பையில் மருந்து வைத்திருப்பேன் என்று அவள் சொன்னபோது குரல் உள்ளே போய்விட்டது. சத்தமாகச் சொல்லம்மா என்றார்கள். திரும்பச் சொன்னாள். பிறகு வக்கீல் பாட்டிலை அவளிடம் காட்டி இதுதானே என்று கேட்டார், ஆமாம் என்றாள். அவர் அதை வாங்கி, லேபிளின் கடைசி வரியை நிதானமாக, எல்லாருக்கும் கேட்கும்படி படித்தார். படித்துவிட்டுத் தமிழிலும் சொன்னார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. அவள் பார்த்தது மட்டும் தெரியும்.

அரசு வக்கீல் எழுந்து, இரண்டு மூடிக்கெல்லாம் மெஷின் கத்தாது, இது கட்டுக்கதை என்றார். "அப்போ பார்த்துடலாம்" என்றார் மாஜிஸ்திரேட். எனக்கு முதலில் புரியவில்லை. என்னை முன்னால் வரச் சொல்லி, சத்தியம் வாங்கி, நடந்ததைக் கேட்டுவிட்டு, ஒன்றும் குடிக்காமல் ஊதச் சொன்னார். மெஷினை என் வாயருகே பிடிக்க வேண்டியவன் அவன். ஊதினேன், பூஜ்யம். பிறகு இரண்டு மூடி அரிஷ்டம் குடித்தேன். மறுபடி பிடித்தான். மெஷின் கத்தியது, அன்று ரோட்டில் கத்தியதைவிடச் சத்தமாகக் கத்தியதாக எனக்குத் தோன்றியது. "பதினைந்து நிமிஷம் கழிச்சு மறுபடியும்" என்று சொல்லிவிட்டு மாஜிஸ்திரேட் வேறு வழக்குக் கட்டுகளைப் புரட்ட ஆரம்பித்தார்.

அந்தப் பதினைந்து நிமிடத்தை நான் அணு அணுவாக அனுபவித்தேன். அவன் மெஷினைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். கறுப்புக் கண்ணாடி இல்லை. உட்காரவும் முடியாது, போனை எடுக்கவும் முடியாது. சட்டைக் காலர் வேர்வையில் நனைந்தது. நான் அவன் முகத்தில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. அவன் சுவரைப் பார்த்தான், மின்விசிறியைப் பார்த்தான், ஷூவைப் பார்த்தான், என்னைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தான். சுவர்க் கடிகாரத்தின் பெரிய முள் நகர நகர எனக்குள் பதினெட்டு வருடம், அதற்கு முந்தைய சாராயக்கடை வாசல் எல்லாம் குளிர்ந்துகொண்டு வந்தன. நேரம் ஆனதும் ஊதினேன். பூஜ்யம்.

"படிங்க" என்றார் மாஜிஸ்திரேட் அவனிடம்.

"பூஜ்யங்க மேடம்."

"அப்போ அன்னிக்கு இந்தம்மா குடிச்சிருந்தாங்களா?"

முகத்தில் ஈயாடவில்லை. "தெரியலைங்க மேடம்" என்று ஆரம்பித்து, "இல்லைங்க மேடம்" என்று முடித்தான். அவன் வாயாலேயே. நான் கேட்டதைவிட அதிகமாகவே கிடைத்தது. அடுத்த வாய்தாவில் வந்த தீர்ப்பில், நான் குடித்திருக்கவில்லை என்றே எழுதியிருந்தது. வீடியோ எடுத்தது பற்றி அவன் மேலதிகாரிக்கும் ஒரு நகல் போயிற்று. ரோட்டில் இருந்து தூக்கி, ஏதோ ஒரு அறையில் தபால் பிரிக்கிற வேலையில் போட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். தீர்ப்பை லேமினேட் செய்து ஆபீஸ் சுவரில் மாட்டியிருக்கிறேன். நின்றுபோனவர்களில் பலர் திரும்ப வந்தார்கள். அவர்களை நன்றாகத் திட்டித்தான் சேர்த்துக்கொண்டேன்.

ஆனால் அன்று, பூஜ்யம் வந்த அன்று, நான் வெளியே வராந்தாவுக்குப் பறந்து வந்தபோது அவள் தூணோரம் நின்றிருந்தாள். அவள் கணவர் வண்டி எடுக்கப் போயிருந்தார். நான் அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் கை தூக்கவில்லை.

"நோம்பு முப்பது நாளும் விடியறதுக்கு முன்னாடி சஹர் சாப்பாட்டோட மாமிக்கு நாந்தாங்க்கா ஊத்திக் குடுத்தேன்" என்றாள். "பசி தாங்கும், வயிறு உப்பாதுன்னு சொல்லிச் சொல்லிக் குடுத்தேன். இத இப்ப அவங்ககிட்ட எப்டிச் சொல்றது?"

கட்டிக்கொண்ட கையை எடுத்துவிட்டேன்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமாக்கா?"

உள்ளே சத்தியம் செய்துவிட்டு ஒரு பொய்கூடச் சொல்லாமல் வந்தவள் நான். அந்தத் தூணோரத்தில், யாரும் சத்தியம் கேட்காத இடத்தில், "தெரியாதும்மா" என்றேன்.

"நெனச்சேன். தெரிஞ்சிருந்தா மொதல்ல எங்கிட்டதான் சொல்லியிருப்பீங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க ஒரு தபா வூட்டுக்கு வந்து மாமிகிட்ட சொல்லிடுங்கக்கா. நம்ம ரெண்டு பேருக்குமே தெரியாதுன்னு. நீங்க சொன்னா நம்புவாங்க. கோர்ட்டே நம்பிச்சே."

அன்று சாயங்காலமே போனேன். மாமி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், நான் சொல்லச் சொல்லத் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். முடித்ததும் மருமகளைப் பக்கத்தில் கூப்பிட்டு முதுகைத் தடவினார்.

"அழாத. தெரியாம செஞ்சத அல்லா மன்னிப்பான். தெரிஞ்சே செஞ்சவனத்தான் உடமாட்டான்."

போலீஸ்காரனைத்தான் சொன்னார். நானும் ஆமாம் என்று சொல்லிவிட்டு, அவள் போட்டுக்கொண்டு வந்த டீயைக் குடித்து முடித்தேன்.